நளினி மலானி: ஓவியமா, படமா, நிழலா?

நீங்கள் கேட்டது இது: சினிமா இயக்குநர் பாயல் கபாடியாவின் அம்மா நளினி மலானி ஓவியர் என்று படித்தேன். தேடிப் பார்த்தால் ஓரிடத்தில் வண்ண ஓவியம், ஓரிடத்தில் கறுப்பு வெள்ளைப் புகைப்படம், இன்னோரிடத்தில் இருட்டறையில் சுற்றும் உருளைகள். இவற்றையெல்லாம் எப்படி ஒரே அறைக்குள் கொண்டுவருகிறார்? அவரை ஓவியர் என்று சொல்வது சரிதானா?

சரிதான். தாராளமாகச் சொல்லலாம். 2024இல் கான் திரைப்பட விழாவில் பரிசு வாங்கிய 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' என்ற படத்தின் தலைப்பே மகள் அம்மாவின் ஓவியத் தலைப்பிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். ஆனால் அவருடைய ஓவியம் சுவரில் மாட்டும் மரச்சட்டத்துக்குள் நிற்பதில்லை. கேள்வியின் முதல் பாதிக்குத்தான் நீளமாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. நான் இருபது வருடமாகக் கண்ணாடி ஓவியம் தீட்டுகிறவள். அதனால் என் பதிலும் கண்ணாடி வழியாகத்தான் வரும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஏற்பட்ட குழப்பத்துக்குக் காரணம் நீங்கள் இல்லை. மலானியின் பெரிய படைப்புகளை ஒரு புகைப்படத்தில் பார்ப்பது, ஓடும் தேரை ஒரு நொடி நிறுத்தி வைத்துப் பார்ப்பது போல. எந்த நொடியில் எடுத்தார்களோ அந்த நொடிதான் கிடைக்கும். ஒருவர் உருளையைப் படமெடுத்திருப்பார், அது ஓவியம் என்று தோன்றும். இன்னொருவர் சுவரை எடுத்திருப்பார், அது சினிமா என்று தோன்றும். இரண்டுக்கும் நடுவில் அந்த அறைக்குள் நடப்பது எந்தப் படத்திலும் வராது.

மூன்று ஊடகங்களையும் அவர் கலக்குகிறார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். 'கலப்பு ஊடகம்' என்ற சொல் எனக்கு ஒப்பவே இல்லை. சாம்பாரில் காய் போடுவது போல இது கொஞ்சம் அது கொஞ்சம் என்று அவர் போடவில்லை. புகைப்படம், கோடு, வண்ணம் மூன்றுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது: நிழல். அதைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வருடத்துக்கும் மேலாக நடந்திருக்கிறார் என்பது என் எண்ணம். அதை எப்படி என்று காட்டுகிறேன்.

1946இல் கராச்சியில் பிறந்தவர். அடுத்த வருடம் பிரிவினை. கைக்குழந்தையோடு குடும்பம் கிளம்பி கல்கத்தாவுக்கு வந்தது, பிறகு பம்பாய்க்கு. ஜே.ஜே. கலைப்பள்ளியில் ஓவியம் படித்து 1969இல் முடித்தார். அதே வருடம் ஓவியர் அக்பர் பதம்சி தனக்குக் கிடைத்த நேரு ஃபெலோஷிப் பணத்தைத் தான் மட்டும் வைத்துக்கொள்ளாமல், பம்பாயில் ஒரு பட்டறை தொடங்கினார். விஷன் எக்ஸ்சேஞ்ச் வொர்க்‌ஷாப் என்று பெயர். ஓவியர்கள், புகைப்படக்காரர்கள், சினிமாக்காரர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வேலை செய்யலாம். கேமரா இருந்தது, இருட்டறை இருந்தது. பள்ளியை அப்போதுதான் முடித்திருந்த மலானி அங்கே போய்ச் சேர்ந்தார். இருபத்து மூன்று வயது.

அங்கே அவர் செய்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஃபோட்டோகிராம்கள். கேமரா இல்லாமல் எடுக்கும் புகைப்படம் அது. ஒளி பட்டால் கறுக்கும் தாளை இருட்டறையில் விரித்து, அதன் மேல் ஏதாவது ஒரு பொருளை வைத்து, விளக்கைப் போட்டு அணைத்துவிட்டுத் தாளைக் கழுவுவார்கள். பொருள் மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும், மற்ற இடமெல்லாம் கறுப்பாகிவிடும். ஒளி ஊடுருவும் பொருளாக இருந்தால் நடுவில் சாம்பல் நிறங்கள் வரும். அதாவது தாளில் இருப்பது பொருளின் படம் இல்லை. அதன் நிழல் அங்கே விழுந்து உறைந்துபோயிருக்கிறது. கை எடுத்துப் பொருளை அடுக்குவதால் அது வரைவது மாதிரியும் இருக்கிறது. வேதிப்பொருளில் கழுவுவதால் புகைப்படமாகவும் இருக்கிறது. மலானியின் கையில் இரண்டும் அன்றே பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டுவிட்டன.

அங்கேயே படங்களும் எடுத்தார். கட்டட மாதிரிகளை வைத்து, பல வண்ண ஒளியில், ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேமாக) நகர்த்தி எடுத்த 'ட்ரீம் ஹவுசஸ்' 1969இல் வந்தது. சார்லஸ் கொரியா, பக்மின்ஸ்டர் ஃபுல்லர் போன்ற கட்டடக் கலைஞர்கள் பேசிய புது நகரத்தின் கனவு அது. ஏழு வருடம் கழித்து, 1976இல், இன்னொரு படத்தை அதன் பக்கத்தில் வைத்தார். கறுப்பு வெள்ளையில் ஒரு இளம்பெண் நின்று பம்பாயைப் பார்க்கிறாள். வண்ணக் கனவு ஒரு திரையில், நகரம் இன்னொரு திரையில், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். இந்த ஜோடிக்கு 'யுடோபியா' என்று பெயர். இந்தியாவில் இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு ஓவியர் யோசித்த மிக முந்தைய முயற்சிகளில் ஒன்று. அப்போது அதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அருங்காட்சியகங்கள் தேடி வந்தன.

எழுபதுகளையும் எண்பதுகளின் பெரும்பகுதியையும் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1970 முதல் 72 வரை உதவித்தொகையில் பாரிஸ். திரும்பி வந்தபின் பெரும்பாலும் கான்வாஸ் ஓவியங்கள், குடும்பத்துக்குள் சிக்கிய பெண்கள். அர்பிதா சிங், நிலிமா ஷேக், மாத்வி பாரேக் ஆகியோரோடு சேர்ந்து 1987இலிருந்து 89 வரை இந்தியாவின் பல ஊர்களுக்குக் கொண்டுபோன கண்காட்சி ஒன்று உண்டு. பெண் ஓவியர்கள் தாங்களே கூடி அப்படிச் செய்தது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. இதை எல்லாம் தனியாக எழுத வேண்டும்.

இனி லோஹார் சால். தெற்கு பம்பாயில் மின்சாதனங்கள் மொத்த வியாபாரம் நடக்கும் நெரிசலான பகுதி. வண்டி இழுப்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள், நடைபாதையில் சமைப்பவர்கள். மலானியின் ஓவியக்கூடம் அங்கேதான் இருந்தது. தினம் கண்ணில் படும் அந்த மனிதர்களை வரைந்து, வரைந்ததை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸ் மேல் மறுபடி வண்ணம் தீட்டி 1989இல் புத்தகமாகச் செய்தார். கோட்டோவியம் ஒன்றுதான், அதன் பிரதி பல, ஒவ்வொரு பிரதியும் வேறு வேறு. ஜெராக்ஸ் இயந்திரமும் ஒரு வகைக் கேமராதானே.

1991இல் 'அலிவே, லோஹார் சால்', அதாவது லோஹார் சால் சந்து. மைலார் என்னும் ஒளி புகும் பாலியஸ்டர் தாள்களில் ஆளுயரத்துக்கு மனிதர்களைத் தீட்டி, வரிசையாகக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். பார்க்க வருபவர் அவற்றுக்கு நடுவில் நடந்து போக வேண்டும். முன்னால் இருக்கும் ஆளுக்குள் பின்னால் இருக்கும் ஆள் தெரிவார், இருவருக்குள்ளும் எதிரே நடந்து வரும் உயிருள்ள மனிதர் தெரிவார். சந்தில் நடப்பது அப்படித்தானே. சந்துப் பாதையைப் பற்றிய ஓவியம் வரைந்து மாட்டாமல், ஓவியங்களைக் கொண்டே ஒரு சந்துப் பாதையைக் கட்டிவிட்டார். இன்ஸ்டலேஷன், நிறுவல் என்றெல்லாம் சொல்கிறோமே, அதற்கு இதைவிட எளிதாக எனக்கு விளக்கத் தெரியாது.

அந்தத் தாளில் அவர் தீட்டியது பின்பக்கமாக. இங்கேதான் என் தொழில் வருகிறது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கண்ணாடி ஓவியத்தைப் பலரும் வீட்டில் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் வெண்ணெய்க் கிருஷ்ணன், பட்டாபிஷேகம். பதினெட்டாம் நூற்றாண்டில் சீன வணிகத்தோடு நம் துறைமுகங்களுக்கு வந்து, தஞ்சாவூர், மைசூர் அரசவைகள் வரை பரவிய கைவேலை. கண்ணாடியின் ஒரு பக்கம் தீட்டி மறுபக்கம் திருப்பிப் பார்ப்பது. மலானிக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பரோடாவின் ஓவியர் பூபேன் கக்கர், எண்பதுகளின் கடைசியில்.

இதில் எல்லாமே தலைகீழ். கான்வாஸில் முதலில் பின்னணி, பிறகு உடல், பிறகு முகம், கடைசியில் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். கண்ணாடியில் அந்தப் பொட்டுதான் முதலில். அதன் பின் கருமணி, அதன் பின் கண்ணின் வெள்ளை, பிறகு நகை, அதற்குப் பின்னால்தான் முகத்தின் நிறம். பின்னணி கடைசி. தப்பு நேர்ந்தால் மேலே பூசி மறைக்க முடியாது, ஏனென்றால் மேல் என்று ஒன்று கிடையாது. நீங்கள் பூசுவதெல்லாம் அடியில்தான் போகும். முதல் கோடு பார்ப்பவருக்கு மிக அருகில் நின்றுவிடும், என்றென்றைக்கும்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், சாதாரண ஓவியத்தில் கோட்டை வண்ணம் விழுங்கிவிடுகிறது. பென்சிலால் போட்ட வரைவு எங்கோ அடியில் புதைந்து கிடக்கும். பின்பக்க ஓவியத்தில் கோடு புதையாது. முன்னால் கோடு, அதற்குப் பின்னால் வண்ணம், இரண்டும் தங்கள் தங்கள் இடத்தில். கோட்டோவியமும் வண்ண ஓவியமும் ஒரே தாளில் ஒன்றையொன்று அழிக்காமல் இருக்கின்றன. மலானி மூன்று ஊடகத்தை ஒன்றாக்குகிறார் என்றால், முதல் இரண்டு இந்த மெல்லிய தாளுக்குள்ளேயே சேர்ந்துவிட்டன.

மைலாருக்கும் கண்ணாடிக்கும் ஒற்றுமையும் உண்டு, வேறுபாடும் உண்டு. இரண்டும் ஈரத்தை உறிஞ்சாது. மையை ஊற்றினால் தாளுக்குள் இறங்காமல் மேலேயே நின்று, குளம் கட்டி, ஓரங்களில் கெட்டித்து, தானாகக் காய்கிறது. அவருடைய உருவங்களின் உடம்பில் ரத்தக்கட்டு போலவும் மேகம் போலவும் தெரியும் கறைகள் இப்படிப்பட்ட பரப்பில்தான் பிறக்கும். பாதி கை வரைந்தது, பாதி மை தானே வரைந்தது. ஆனால் கண்ணாடியை வளைக்க முடியாது. மைலாரை வளைக்கலாம், சுருட்டலாம். அந்தச் சின்ன வேறுபாட்டிலிருந்து அடுத்த இருபது வருட வேலை வந்தது.

அதற்கு முன்னால் 1992. பம்பாயில் செமோல்ட் கேலரி அப்போது ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியின் மாடியில் இருந்தது. அதன் சுவர்களில் நேரடியாக வரைந்தார். 'சிட்டி ஆஃப் டிசையர்ஸ்' என்று பெயர். விற்க ஒன்றுமில்லை, வாங்கிப் போக ஒன்றுமில்லை. கண்காட்சி முடிந்ததும் சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள், அவர் அப்படித்தான் திட்டமிட்டிருந்தார். ராஜஸ்தானின் நாத்துவாராவில் பழைய சுவரோவியங்கள் கவனிப்பாரில்லாமல் அழிந்துகொண்டிருந்ததைப் பார்த்த துக்கம் அதற்குப் பின்னால் இருந்தது. இந்தத் துக்கம் நமக்கு விளக்க வேண்டியதில்லை. நம் கோயில்களில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியிலும் மணல் வீச்சிலும் எத்தனை சுவரோவியங்கள் போயின என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. அந்த அழிவை மலானி அழுது சொல்லவில்லை. ஒரு நல்ல ஓவியத்தை உங்கள் கண் முன்னே வைத்து, நீங்கள் அதோடு பழகியபிறகு, அதை எடுத்துவிட்டார். பிற்காலத்தில் அருங்காட்சியகங்களில் சுவரில் கரியால் வரைந்து அதை அழிப்பதையே ஒரு நிகழ்வாக நடத்தத் தொடங்கினார். சுவர்க்கோடும் அதன் அழிப்பும் சேர்ந்ததுதான் படைப்பு.

அதே 1992 டிசம்பர் 6இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. பம்பாய் பற்றி எரிந்தது. பிரிவினையில் கைக்குழந்தையாக வந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கேலரிக்கு வரும் சில நூறு பேருக்குச் சட்டமிட்ட ஓவியம் காட்டுவது போதாது என்ற நெருக்கடி அந்தத் தலைமுறை ஓவியர்கள் பலருக்கும் வந்தது. மலானி நாடகத்துக்குப் போனார். 1993இல் நடிகை அலக்நந்தா சமர்த்தோடு ஜெர்மன் நாடகாசிரியர் ஹைனர் முல்லர், கிரேக்கக் கதையின் மெடியாவை வைத்து எழுதிய பிரதியை மேடையேற்றினார். விளக்கு எங்கிருந்து விழுந்தால் எது தெரியும், எது மறையும் என்ற பாடம் மேடையில்தான் கைக்கு வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தார்கள். ஊரெல்லாம் இனிப்பு கொடுத்தார்கள். அந்த வருடம் அவர் செய்தது 'ரிமெம்பரிங் டோபா டேக் சிங்'. உருது எழுத்தாளர் மண்ட்டோவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்: பிரிவினைக்குப் பின் மனநோய் விடுதிகளில் இருந்த நோயாளிகளையும் மதம் பார்த்து இரண்டு நாடுகளும் மாற்றிக்கொள்ள முடிவு செய்கின்றன, பிஷன் சிங் என்ற கிழவர் எந்தப் பக்கமும் போக மறுத்து இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறார். மலானியின் அறையில் பன்னிரண்டு தகரப் பெட்டிகள். அகதிகள் தூக்கிக்கொண்டு ஓடிய அதே மாதிரிப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு டிவி, அதில் இடம்பெயர்ந்த மனிதர்கள். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெண்கள், ஒருத்தி இந்தியாவில், ஒருத்தி பாகிஸ்தானில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புடவையை இருவரும் சேர்ந்து மடிக்கப் பார்க்கிறார்கள். புடவையை இரண்டு பேர் மடிக்கும்போது நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும் இல்லையா? அவர்களுக்கு நடுவில் ஒரு கூடமே இருக்கிறது, அதில் நாம் நின்றுகொண்டிருக்கிறோம். சேரவே முடியாது. பிரிவினை பற்றி நான் படித்த பல பக்கங்களைவிட இந்த ஒரு புடவை எனக்கு அதிகம் சொன்னது.

இந்தப் படைப்பு பம்பாயின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டது. கேலரி பக்கமே வராத, விடுமுறையில் குடும்பத்தோடு வந்து பழைய சிலைகளைப் பார்த்துப் போகும் சனங்கள் வருகிற இடம். அவர் தேடியது அந்தப் பார்வையாளர்களைத்தான்.

இப்போது உருளைகள். 1998இல் 'தி சேக்ரட் அண்ட் தி ப்ரொஃபேன்' என்ற படைப்பில், பின்பக்கமாகத் தீட்டிய மைலாரைச் சுருட்டி உருளையாக்கிக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, மெல்லச் சுழலவிட்டு, விளக்கடித்தார். நிழல்கள் சுவரில் ஊர்ந்தன. 2001இல் 'ட்ரான்ஸ்கிரெஷன்ஸ்'. அதில் வெறும் விளக்குக்குப் பதிலாக வீடியோ ஒளியையே உருளைகளின் ஊடாகப் பாய்ச்சினார். 'வீடியோ நிழலாட்டம்' என்று அந்த வகைக்கே பெயர் வந்தது. திபெத்தியப் பிரார்த்தனைச் சக்கரத்தை அதற்கு ஒப்புச் சொல்வார்கள். நமக்குத் தோல்பாவைக் கூத்து நினைவு வரும். ஆட்டுத்தோலைச் சீவி ஒளி புகும்படி செய்து வண்ணம் ஏற்றுவதால், பாவையின் நிழல் கறுப்பாக மட்டும் இல்லாமல் வண்ணத்தோடு விழும் அல்லவா, இங்கேயும் அப்படித்தான்.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம். ப்ரொஜெக்டரிலிருந்து ஒளி கிளம்புகிறது. அது வெறும் ஒளி இல்லை, ஓடும் படம். வழியில் உருளை. கெட்டியாக வண்ணம் பூசிய இடம் ஒளியைத் தடுக்கும், சுவரில் கறுத்த நிழல். மெல்லிய மை இருக்கும் இடம் ஒளியைப் பாதி விடும், சுவரில் வண்ண நிழல். ஒன்றும் பூசாத இடம் வழியாக வீடியோ அப்படியே போய்ச் சுவரில் விழும். ஆக, கேமரா பிடித்த முகம் ஒன்று சுவரில் பேசிக்கொண்டிருக்க, அதன் மேல் கையால் வரைந்த உருவம் நிழலாக நடந்து போகிறது. உருளையைத் திரும்பிப் பார்த்தால் அதே உருவம் வண்ண ஓவியமாகத் தொங்குகிறது. ஒரே உருவத்தை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பார்க்கிறீர்கள். இரண்டு ப்ரொஜெக்டர் இருந்தால் ஒரே ஓவியத்துக்கு இரண்டு சுவரில் இரண்டு நிழல்.

இன்னொன்று, இதைக் கவனித்தபோது எனக்குப் புல்லரித்தது. உருளை சுற்றும்போது அதன் முன்பக்கம் இடதுபுறம் போனால் பின்பக்கம் வலதுபுறம் போகும். ஒளி இரண்டு பக்கத்தையும் துளைத்துக்கொண்டு போவதால் இரண்டின் நிழலும் ஒரே சுவரில் விழும். அதனால் நிழல்கள் எதிரெதிராக நடக்கும். ஒருவரை ஒருவர் நெருங்கும், ஒன்றுக்குள் ஒன்று புகும், பிரிந்து போகும். விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் பக்கத்தின் நிழல் பெரிதாகவும் வேகமாகவும், தள்ளி இருக்கும் பக்கத்தின் நிழல் சின்னதாகவும் மெதுவாகவும் போகும். போன உருவம் திரும்பி வரும்போது இடம் வலம் மாறி வரும். யாரும் அனிமேஷன் செய்யவில்லை. ஒரு ஓவியத்தைச் சுருட்டி, சுற்றி, ஒளி பாய்ச்சியதும் அதுவே சந்திப்பும் பிரிவும் உள்ள கதையாகிவிடுகிறது. பிரிவினையில் வந்த ஒருவர் இந்த வடிவத்தைக் கண்டெடுத்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ஃபோட்டோகிராமை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள். விளக்கு, நடுவில் ஒரு பொருள், எதிரே ஒரு பரப்பு. 1969இலும் அதே மூன்றுதான். அன்று நிழலைத் தாளில் உறைய வைத்தார், இன்று அதைச் சுவரில் நடக்க விடுகிறார்.

இந்த வகையில் உச்சம் என்று நான் சொல்வது 2012இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாக்குமென்ட்டா என்னும் பெரிய கலைக் கண்காட்சியில் காட்டிய 'இன் சர்ச் ஆஃப் வேனிஷ்ட் பிளட்'. ஐந்து உருளைகள், ஆறு வீடியோக்கள், பதினோரு நிமிடம். உருளை நிமிடத்துக்கு நான்கு சுற்று, அதாவது ஒரு சுற்றுக்குப் பதினைந்து நொடி, கிட்டத்தட்ட நிதானமாக நான்கு மூச்சு. தலைப்பு உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸின் கவிதையிலிருந்து வந்தது: சிந்திய ரத்தத்தின் தடம் எங்கேயும் இல்லை என்னும் கவிதை. கேட்கும் குரலில், கிரேக்கக் கதையில் யாரும் நம்பாத தீர்க்கதரிசி கசாண்ட்ராவும் இருக்கிறாள், வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் கதையில் வரும் திரௌபதியும் இருக்கிறாள். துணி சுற்றிய ஒரு பெண்முகத்தின் மேல் எழுத்துகள் ஓடுகின்றன. நிழல்கள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கின்றன. ரத்தத்தின் தடத்தைத் தேடும் படைப்பில் தடமே நிற்காமல் நகர்கிறது.

அங்கே பார்ப்பவருக்கும் ஒரு இடம் உண்டு. அறைக்குள் நடந்தால் உங்கள் நிழலும் சுவரில் விழும், வண்ணமில்லாமல், கறுப்பாக, எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு. ஓவியத்துக்கு முன்னால் நின்று மறைக்கிற ஆள் நீங்கள்தான் என்று தெரிந்ததும் தானாகக் கால் ஒதுங்கும்.

வான்கோவின் ஓவியங்களை அறை முழுக்க ஒளிபாய்ச்சிக் காட்டும் கண்காட்சிகள் இப்போது நிறைய நடக்கின்றன, அதுவும் இதுவும் ஒன்றா என்று அடுத்த கேள்வி வரலாம். இல்லை. அங்கே முடிந்துபோன ஓவியத்தைக் கேமராவில் பிடித்துப் பெரிதாக்குகிறார்கள், உங்களுக்கும் ஓவியத்துக்கும் நடுவில் கணினிதான் இருக்கிறது. இங்கே கை தீட்டிய அதே தாள் உங்கள் தலைக்கு மேல் தொங்குகிறது, நிழல் அந்த நொடியில் அந்த அறையில் பிறக்கிறது. விளக்கை அணைத்தால் நிழல் போய்விடும், ஓவியம் இருக்கும்.

அவர் மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. ஒரு படைப்புக்குள் கிரேக்கக் கதை, ஜெர்மன் எழுத்தாளர்கள் பிரெக்ட், கிறிஸ்டா வுல்ஃப், பிறகு மண்ட்டோ, ஃபைஸ் என்று ஏற்றிக்கொண்டே போவார். எல்லாம் படித்தவருக்குத்தான் இது என்ற பயம் சாதாரண ஆளுக்கு வந்துவிடுகிறது. சாதாரண ஆளைத் தேடி வந்தவருக்கு இது பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் எந்தக் கதையும் தெரியாமல் அந்த அறையில் இரண்டு முறை முழுதாக உட்கார்ந்தால் போதும். முதல் முறை சுவரைப் பாருங்கள், இரண்டாம் முறை உருளையைப் பாருங்கள். விளக்கப் பலகையைக் கடைசியில் படியுங்கள்.

2020இல் லண்டனின் வைட்சேப்பல் கேலரியில் காட்டிய 'கேன் யூ ஹியர் மீ?'யில் உருளை இல்லை, மைலார் இல்லை. ஐபேடில் விரலால் வரைந்து ஒவ்வொரு சட்டமாகச் சேர்த்த 88 சின்னச் சின்ன அசைவுப்படங்கள், ஒன்பது ப்ரொஜெக்டர்களில், சுவர் முழுக்க ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருக்கும். 2018இல் ஜம்முவின் கட்டுவாவில் எட்டு வயதுக் குழந்தைக்கு நடந்த கொடூரத்திலிருந்து அந்தத் தலைப்பு வந்தது. கேட்க ஆளில்லாமல் போன குரல். எழுபது வயதைத் தாண்டிய கை, இளம்பிள்ளையின் கோபத்தோடு கிறுக்கும், அழிக்கும், மறுபடி கிறுக்கும். ஒவ்வொரு சட்டமும் வந்த வேகத்தில் அடுத்ததுக்காக அழிகிறது. 1992இல் வெள்ளையடித்த சுவர் இப்போது ஒரு நொடியில் பல தடவை வெள்ளையடிக்கப்படுகிறது. 2023இல் அவருக்கு ஜப்பானின் கியோட்டோ பரிசு கிடைத்தது. மகிழ்ச்சிதான், ஆனால் நம் ஊர்ப் பத்திரிகைகளில் அதற்கு எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்று பார்த்தபோது மனம் வலித்தது.

அவருடைய அறை ஒன்றை நேரில் பார்க்க உங்களுக்கு எப்போது வாய்க்குமோ. அதுவரை வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள், என் மாணவர்களுக்கு நான் சொல்வது. ஸ்டேஷனரி கடையில் ஓ.எச்.பி. ஷீட் என்னும் ஒளி புகும் பிளாஸ்டிக் தாள் இரண்டு வாங்குங்கள். பர்மனென்ட் மார்க்கரால் ஒன்றில் ஒரு ஆளை வரையுங்கள், கோடாக மட்டும். அது காய்ந்ததும் அதன் மேலேயே, அதே பக்கத்தில், இன்னொரு நிற மார்க்கரால் உடம்பை நிரப்பித் திருப்பிப் பாருங்கள். கோடு முன்னால் நிற்பது தெரியும். இரண்டாவது ஷீட்டில் இன்னொரு ஆள். இரண்டையும் ஒட்டி உருளையாக்கி, நூலில் கட்டித் தொங்கவிட்டு, நூலை முறுக்கி விடுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சை ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். வெள்ளைச் சுவராக இருந்தால் நல்லது. இரண்டு பேரும் எதிரெதிராக நடந்து வருவார்கள். டார்ச்சைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோங்கள், ஒருவர் மட்டும் வேகமாகப் பெரிதாவார். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள், நூல் முறுக்கு தீர்ந்து அந்த இருவரும் திரும்பி நடக்கத் தொடங்கும்வரை.